பத்தாம் வகுப்பு முடித்தவளுக்கு ஒரு நாவல்

காஞ்சிபுரத்தில் வந்து முடிகிற பழங்கதைகளில் பெரியது மணிமேகலையின் கதை. அதைச் சமய நூலாகவும் தத்துவ நூலாகவும் படித்தே பழகிவிட்டோம். அதன் முன்பாதியைக் கதையாக மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். புகாரில் இந்திர விழா தொடங்குகிறது. அப்பா கோவலன் மதுரையில் கொலையுண்டுவிட்டான். அம்மா மாதவி ஆடலை விட்டுத் துறவு பூண்டிருக்கிறாள். பேத்தி குலத்தொழிலுக்கு வந்தே ஆக வேண்டும் என்று பாட்டி சித்திராபதி பிடிவாதமாக நிற்கிறாள். இந்த இழுபறிக்கு நடுவில் உவவனத்துக்குப் பூப்பறிக்கப் போன பெண்ணைத் தேடி இளவரசன் உதயகுமரன் தேரேறி வருகிறான். அவள் பளிக்கறைக்குள் புகுந்துகொள்கிறாள். ஆனால் அவன் போன பிறகு, தன் மனமும் அவனோடு சென்றுவிட்டதைத் தோழி சுதமதியிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறாள். பின்னால் உதயகுமரன் வெட்டுண்டு சாகிறான். அவள் ஊர் ஊராகப் போய்க் கடைசியில் காஞ்சியில் பஞ்சத்தால் வாடியவர்களுக்குச் சோறிட்டு, அறவண அடிகளிடம் அறம் கேட்டு நோன்பு ஏற்கிறாள்.

முதல் ஈர்ப்பும் வீட்டுச் சிக்கலும் ஒரே நேரத்தில் ஒரு சிறுபெண்ணின் மேல் வந்து விழுவதை, அவள் மனத்துக்குள் நின்று சொல்லும் துணிவு மணிமேகலையை எழுதிய சாத்தனாருக்கு இருந்தது. அவருக்குப் பின் நம் உரைநடைக்கு அந்தத் துணிவு எவ்வளவு இருந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கேள்வியை ஓரிக்கையில் நின்று கேட்கிறேன். காஞ்சிபுரத்தின் தென்புறம், பாலாற்றை நோக்கிப் போகும் பக்கம் இருக்கிறது இந்த ஊர். தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள், அரசுப் பேருந்துப் பணிமனை, மகா பெரியவருக்குக் கல்லால் எழுப்பிய மணிமண்டபம் எல்லாம் இங்கே உண்டு. இங்கே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் ஒரு பெண்ணோ பையனோ, வைகாசிக் கருடசேவையையும் தேர்வு முடிவையும் எதிர்பார்த்திருக்கும் அந்த நீண்ட நாட்களில் தன் வயதுக்காரரின் காதலையும் தன் வீட்டைப் போன்ற ஒரு வீட்டின் துயரத்தையும் சேர்த்துச் சொல்லும் ஒரு தமிழ் நாவலைக் கேட்டால், எதை எடுத்துக் கொடுப்போம்?

ஆங்கிலத்தில் இதற்கு ஒரு தனி வரிசையே இருக்கிறது. மௌரீன் டேலி கல்லூரி மாணவியாக இருந்தபோதே எழுதி 1942இல் வெளிவந்த ‘செவன்டீன்த் சம்மர்’, பள்ளிப் படிப்பை முடித்த பெண்ணொருத்தியின் ஒரு கோடைக்காலக் காதலைச் சொன்னது. எஸ். இ. ஹின்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967இல் வந்தபோது அவருக்கு வயது 18. இளையோரைப் பற்றி இளையோருக்காக எழுதுவது என்பது அதன் பிறகு ஒரு துறையாகவே நிலைபெற்றது. சாரா டெசனின் முதல் நாவல் ‘தட் சம்மர்’ (1996) அப்பாவின் மறுமணத்தைப் பார்த்து நிற்கும் 15 வயதுப் பெண்ணின் கதை. ஜென்னி ஹானின் ‘தி சம்மர் ஐ டர்ன்ட் பிரெட்டி’ 2009இல் புத்தகமாகவும் 2022 முதல் தொடராகவும் உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது. கடற்கரை வீடு, இரண்டு அண்ணன் தம்பிகள், நடுவில் ஒரு பெண் என்று அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அந்தக் கதையின் எடை பெற்றோரின் மணமுறிவிலும், அந்தப் பையன்களின் தாயைத் தின்றுகொண்டிருக்கும் புற்றுநோயிலும் இருக்கிறது. காதலுக்காக உள்ளே வரும் வாசகரை மரணத்தின் முன்னால் உட்கார வைக்கிறது அந்த நாவல்.

இவற்றில் கோடை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று யோசித்தால் ஒன்று புலப்படும். பள்ளி நடக்கும்வரை பிள்ளைகள் வீட்டை முழுதாகப் பார்ப்பதில்லை. விடுமுறையில்தான் அப்பா எத்தனை மணிக்கு வருகிறார், அம்மா யாரிடம் கடன் கேட்கிறாள், எந்தப் பேச்சு தாம் உள்ளே வந்ததும் நிற்கிறது என்பதெல்லாம் கண்ணில் படுகின்றன. அதே நாட்களில்தான் மனம் வேறொருவரை நோக்கியும் நகர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கூர்மையாக்குகின்றன.

நமக்கு மிக அருகில் வரும் உதாரணம் இலங்கையிலிருந்து வந்தது. கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் 1965இல் பிறந்து, 1983 கலவரத்துக்குப் பின் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஷ்யாம் செல்வதுரை, ‘ஃபன்னி பாய்’ (1994) நாவலால் அறியப்பட்டவர். அவர் 2005இல் இளையோருக்கென்றே எழுதியது ‘ஸ்விம்மிங் இன் தி மான்சூன் ஸீ’. காலம் 1980, இடம் கொழும்பு, பள்ளி விடுமுறை. பெற்றோரை இழந்து, தாயின் தோழி வீட்டில் வளரும் 14 வயது அம்ரித். பகையாகிப்போன மாமா கனடாவிலிருந்து வருகிறார், கூடவே அவர் மகன் நிரேஷ். அந்தப் பையன் மேல் அம்ரித்துக்குக் காதல் பிறக்கிறது. தனக்கு என்ன நடக்கிறது என்று சொல்ல அவனிடம் மொழி இல்லை. பள்ளியில் ஒத்திகை பார்க்கும் ‘ஒதெல்லோ’ நாடகத்தின் பொறாமை அவனுக்குள்ளும் மூண்டு, ஒரு கட்டத்தில் வன்முறையாக வெடிக்கிறது. இறந்துபோன அம்மாவைப் பற்றி அவன் பேச மறுத்த எல்லாமும் அந்த ஒரு விடுமுறையில் வெளியே வருகின்றன.

இந்த நாவலை நான் உயர்வாகக் கருதக் காரணம், அது சிறுவனைத் திருத்த முயலாததுதான். அவன் செய்த கொடுமையை மறைக்கவும் இல்லை, அவன் ஆசையைக் குற்றமாக்கவும் இல்லை. சொத்து, பகை, மதிப்பு என்று பெரியவர்கள் உருவாக்கி வைத்த சிக்கலுக்குள் ஒரு 14 வயதுப் பிள்ளை எப்படித் தடுமாறுகிறான் என்பதை அவன் உயரத்திலிருந்தே பார்க்கிறது. இளையோர் படைப்புக்கான லாம்டா விருது இதற்குக் கிடைத்தது. ஓரிக்கைப் பிள்ளைகள் இதைத் தமிழில் எளிதாக எடுத்துப் படிக்கும் நிலை வர வேண்டும் என்பது என் ஆசை.

செல்வதுரையின் கதையில் வருபவன் மாமன் மகன் என்பதைக் கவனியுங்கள். நம் கோடைக்கும் அமெரிக்கக் கோடைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அங்கே விடுமுறைக் காதல் என்றால் முன்பின் அறியாத ஒருவர் வந்து சேர வேண்டும். இங்கே பிள்ளைகள் போவது அத்தை வீட்டுக்கும் மாமன் வீட்டுக்கும் பாட்டி வீட்டுக்கும். காத்திருப்பது முறைப்பையன், முறைப்பெண். ‘உனக்குத்தான் அவள்’ என்று பெரியவர்களே சிரித்துக்கொண்டு விதை போடுவார்கள். பிள்ளைகள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்வதா, நம்புவதா என்று தெரியாமல் தவிப்பார்கள். இரண்டு வருடம் கழித்துச் சீர்வரிசையிலோ பாகப்பிரிவினையிலோ அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு அற்றுப்போகும். அடுத்த மே மாதம் அத்தை வீட்டுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு வரும். நம் ஊரில் காதலும் குடும்பச் சண்டையும் இரண்டு கதைகளாக இருப்பதில்லை. ஒன்றின் உள்ளேதான் மற்றது பிறக்கிறது. இவ்வளவு வளமான பொருள் கையில் இருந்தும், 15 வயதுக்காரரின் வாயால் அதைச் சொல்லும் நாவல்கள் நம்மிடம் மிக அரிது என்பதுதான் வருத்தம்.

தமிழில் சிறுவர்களுக்கான எழுத்துக்குக் குறைவில்லை. 1947இல் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா, கலைமகள் குழுமத்தின் ‘கண்ணன்’, பிறகு கோகுலம், பூந்தளிர், 1972 முதல் முத்து காமிக்ஸ், 1984 முதல் லயன் காமிக்ஸ் என்று தலைமுறைகளை வளர்த்த வரிசை அது. அம்பை தம் பதின்பருவத்தில் எழுதிய ‘நந்திமலைச் சாரலிலே’ ‘கண்ணன்’ வழியாகத்தான் வந்தது. அது ஒரு துப்பறியும் கதை. ஒரு பதின்பருவப் பெண் பதின்பருவத்தாருக்காக எழுதினாலும், துப்பறிதலும் சாகசமும்தான் அனுமதிக்கப்பட்ட வழிகளாக இருந்தன. இந்த இதழ்கள் எல்லாமே ஏறத்தாழ 13 வயதில் கையை விட்டுவிட்டன. பிள்ளை அதன் பிறகு நேராகப் பெரியவர்களின் அலமாரிக்குத் தாவ வேண்டியிருந்தது.

அந்த அலமாரியில் முதலில் கைக்கு எட்டியவை மாத நாவல்கள். 1969இல் தொடங்கிய ராணிமுத்து மலிவு விலையில் நாவலைக் கடைக்கோடி வரை கொண்டுபோனது. பிறகு ரமணிசந்திரன் வந்தார். வாடகை நூலகங்களில் தேய்ந்துபோன அட்டைகளோடு அவர் நாவல்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. அவரை ஏளனமாகப் பேசுவது இலக்கியவாதிகளின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. படிப்பை நிறுத்திவிட்டுத் தறிக்கும் அடுப்புக்கும் இடையே நடந்துகொண்டிருந்த எத்தனையோ பெண்களை வாசகிகளாக வைத்திருந்தவர் அவர். ஆனால் அந்த உலகில் வசதியான, முரட்டுத்தனமான நாயகன், ஒரு தப்பெண்ணம், கடைசியில் கல்யாணம் என்று வழி முன்பே போடப்பட்டிருக்கிறது. குடும்பத் துன்பம் அங்கே நாயகியின் பொறுமையைச் சோதிக்கும் பரீட்சையாக வருகிறது. அப்பா குடித்துவிட்டு வரும் வீட்டில் அந்த இரவை எப்படிக் கடப்பது என்பதற்கு அங்கே இடமில்லை. இன்று அந்த இடத்தை 2014இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி போன்ற செயலிகள் பிடித்திருக்கின்றன. எழுதுவோர் பெருகியிருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலான கதைகளின் பாதை அதே கல்யாணத்தை நோக்கித்தான் போகிறது.

வெகுஜன எழுத்தில் இந்த எல்லையைத் தாண்டியது சுஜாதாவின் ‘பிரிவோம் சந்திப்போம்’. பொறியியல் முடித்துவிட்டு வேலையில்லாமல் பாபநாசத்தில் அப்பாவோடு இருக்கும் ரகுபதி, அங்கே வரும் மதுமிதா. அருவியும் அணையுமாக இருக்கும் அந்த ஊரில், ஒன்றும் செய்வதற்கில்லாத நாட்களில் காதல் வருகிறது. அமெரிக்க மாப்பிள்ளை ஒருவன் வந்ததும் அவள் வீட்டார் மனம் மாறுகிறார்கள். அப்பாவும் மகனும் நண்பர்களைப் போலப் பேசிக்கொள்ளும் பக்கங்கள் எனக்கு அந்தக் காதலைவிட முக்கியமாகத் தோன்றுகின்றன. தோல்வியடைந்த மகனுக்கு உபதேசம் செய்யாமல் பக்கத்தில் இருக்கும் அப்பாவைத் தமிழ்க் கதையில் அதிகம் காண முடியாது. மதுமிதா பக்கத்துக் கதை மட்டும் எழுதப்படாமலே போயிற்று. அவள் ஒரு விளையாட்டுப் பெண்ணாகவே நின்றுவிடுகிறாள். அவள் மனத்துக்குள் போயிருந்தால் அது வேறொரு நாவலாகியிருக்கும்.

தீவிர இலக்கியத்துக்கு வந்தால் பொருள் குவிந்து கிடக்கிறது. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) காவேரிக்கரை வேதபாடசாலையிலிருந்து வீடு திரும்பும் அப்பு, தன் தாயின் ரகசியத்தை அறிந்துகொள்ளும் கதை. இந்துவின் காதலும் அலங்காரத்தம்மாளின் வாழ்வும் அவனை இரு பக்கமும் இழுக்கின்றன. ஜெயகாந்தனின் ‘உன்னைப்போல் ஒருவன்’ தாயின் புது உறவை ஏற்க முடியாமல் குமுறும் சேரிச் சிறுவன் சிட்டியைக் காட்டியது. அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ சிறுகதையில், முதல் மாதவிடாயின் பயத்தோடு அம்மாவுக்காகக் காத்திருந்த பெண், அம்மா வந்து சொன்ன ஒரே வாக்கியத்தில் நொறுங்கிப்போகிறாள். 13 வயதுப் பெண்ணைப் பற்றி அதைவிடக் கூர்மையாகத் தமிழில் எழுதப்பட்ட பக்கங்களை நான் படித்ததில்லை. குடியைப் பற்றிச் சிவசங்கரி ‘ஒரு மனிதனின் கதை’ எழுதினார். குடிப்பவனின் கதை அது, அவனுக்காக வாசலில் காத்திருக்கும் பிள்ளையின் கதை இன்னும் மிச்சமிருக்கிறது.

ஓரிக்கைக்கு நெருக்கமானது தொ. மு. சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953). ஊர் வேறு, அம்பாசமுத்திரம். பட்டு இல்லை, பருத்தி. ஆனாலும் தறியும் கடனும் ஒன்றுதான். நூல் விலையும் முடங்கிய விற்பனையும் கடன்காரரும் சேர்ந்து நெருக்க, கைலாச முதலியார் தூக்கில் தொங்குகிறார். அவர் மகன் மணி காதலிப்பதோ, குடும்பத்தை அந்த நிலைக்குத் தள்ளிய தாதுலிங்க முதலியாரின் மகள் கமலாவை. நெசவாளர் ஊரின் இளம் காதலும் குடும்பத்தின் அழிவும் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்ட நாவல் தமிழில் 70 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. அதன் கவனம் வர்க்கத்தின் மேல் இருந்தது. அது நியாயமானதே. மணியின் வயதுக்காரன் ஒருவன் தனியாக உட்கார்ந்து படிக்கும்போது, அவன் தேடும் மனக்குமுறல் அங்கே கொஞ்சமாகத்தான் கிடைக்கும்.

நம் காலத்தில் பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ (2013) குமரேசனும் சரோஜாவும் சாதி தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டு அவன் ஊருக்கு வந்த பிறகு நடப்பதைச் சொல்கிறது. சாதி தாண்டி மணந்து, பின்னர் இறந்துபோன தருமபுரி இளைஞர் இளவரசனுக்கு அந்த நூல் காணிக்கையாக்கப்பட்டது. அதன் ஆங்கில வடிவம் 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. இமையத்தின் ‘செல்லாத பணம்’ (சாகித்ய அகாதெமி விருது, 2020) காதல் கல்யாணம் செய்துகொண்ட மகள் தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்க, வாசலில் நிற்கும் குடும்பத்தின் குற்ற உணர்வைச் சொல்கிறது. இரண்டும் 17 வயதுக்காரர் படிக்க வேண்டியவை. ஆனால் இரண்டிலும் காதல் முடிந்த இடத்தில்தான் கதை தொடங்குகிறது. இளையவர் அங்கே பலியாக வருகிறார். காதல் எப்படி இருந்தது, தயக்கம் எப்படி இருந்தது, மனம் மாறினால் என்ன செய்வது என்பவற்றைச் சொல்லும் நூல் வேறு.

இந்த வெற்றிடத்தைச் சினிமா நிரப்பியது. 1981இல் மட்டும் ‘பன்னீர் புஷ்பங்க’ளும் ‘அலைகள் ஓய்வதில்லை’யும் வந்தன. ‘துள்ளுவதோ இளமை’ (2002) வீட்டில் நிம்மதியில்லாத பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து ஊரை விட்டு ஓடுவதையே கதையாக்கியது. ‘காதல்’ (2004) பள்ளி மாணவிக்கும் மெக்கானிக் பையனுக்கும் நேர்ந்ததைக் காட்டி உலுக்கியது. சினிமாவுக்கு உச்சக்காட்சி வேண்டும். அதனால் அங்கே முதல் காதலுக்கு ஓடுவதும் சாவதும் பைத்தியமாவதும்தான் முடிவுகளாகின்றன. சும்மா ஒரு கோடையில் வந்து, வலித்து, அடுத்த வருடம் நினைவாகிப்போகும் காதல் என்ற ஒன்றும் உண்டு என்பதைச் சொல்ல ஒரு நாவலால்தான் முடியும். காஞ்சி நெசவாளரைப் பற்றிப் பிரியதர்ஷன் எடுத்த ‘காஞ்சிவரம்’ தேசிய விருது பெற்ற நல்ல படம். மகளுக்குப் பட்டுச்சேலை கட்டிக் கல்யாணம் செய்துவைக்க இழை இழையாகப் பட்டு நூல் திருடும் அப்பாவின் படம் அது. மகளுக்கும் காதல் உண்டு. அது ஓரத்தில் நிற்கிறது. இந்த ஊரின் கதையே ஆனாலும் பார்வை அப்பாவுடையதாகவே இருக்கிறது.

அப்படி ஒரு நாவலை எழுதாமல் இருப்பதற்குக் காரணம் திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை, பயம்தான் காரணம். பதின்பருவத்தாருக்கான நூலைப் பணம் கொடுத்து வாங்குபவர் பெற்றோர், தேர்ந்தெடுப்பவர் ஆசிரியர், நூலகர். காதல் என்ற சொல் அட்டையில் வந்தால் புத்தகம் பள்ளி வாசலைத் தாண்டாது. படித்தால் கெட்டுப்போவார்கள் என்பது அந்தக் கவலை. அதை நான் கேலியாகப் பார்க்கவில்லை. மகள் ஒரு பையனோடு பேசினாள் என்பதற்காகக் கொலை நடந்திருக்கும் நாடு இது. பயப்பட அம்மாக்களுக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் கைபேசியில் பார்ப்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அங்கே அவர்கள் தனியாக இருக்கிறார்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012இல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரின் சம்மதத்தைச் சம்மதமாகவே ஏற்பதில்லை. அதனால் பதின்பருவக் காதல்கள் காவல் நிலையத்தில் போய் முடிகின்றன. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஒரு வழக்கை ரத்து செய்தபோது, பதின்பருவத்தாரின் காதல் உறவைக் குற்றமாக்குவது சட்டத்தின் நோக்கம் அன்று என்று கூறியது. நீதிமன்றம் வரை போய்விட்ட ஒரு விஷயத்தை வகுப்பறையில் ஒரு கதையாகக் கூடப் பேச முடியாமல் இருப்பது பெரிய அநீதி.

நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது. சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய விருதை 2020இல் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலை நேருக்கு நேர் எடுத்துப் பேசியது. பத்தாண்டுகளுக்கு முன் இப்படி ஒரு சிறார் நூல் விருது பெறும் என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். 2023இல் விருது பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ விடுமுறைக்குக் கீழடிக்குப் போகும் சிறுவனின் கதை. 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ விருது பெற்றது. வானம், புக்ஸ் ஃபார் சில்ரன் போன்ற பதிப்பகங்களும், பதின்பருவத்தாரை நினைத்தே நூல் கொண்டுவரும் ஓங்கில் கூட்டமும் 13 வயதில் அறுந்த இழையை மீண்டும் முடிந்துகொண்டிருக்கின்றன. பள்ளிக் கல்வித் துறையும் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களையும் வாசிப்பு இயக்கத்தின் சிறுநூல்களையும் அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோயிருக்கிறது. சுரண்டலைப் பற்றி எழுதும் துணிவு வந்துவிட்டது. விரும்பி வரும் காதலைப் பற்றி எழுதும் துணிவு இன்னும் வரவில்லை. ஆபத்தை மட்டும் சொல்லி ஆசையைச் சொல்லாமல் விட்டால், உடலும் மனமும் பயப்பட மட்டுமே உரியவை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

எழுதப்பட வேண்டிய அந்த ஓரிக்கை நாவலுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? இங்கே கோடை எல்லாப் பிள்ளைக்கும் விடுமுறை அன்று. வைகாசி, ஆனி முகூர்த்தங்களுக்குச் சேலை இறங்க வேண்டும். தார் சுற்றவும் அறுந்த இழையை முடியவும் வீட்டில் ஆள் வேண்டும். கோர்வைச் சேலை என்றால் கரைப் பக்கத்து நாடாவை எறிய நெய்பவருக்கு அருகே இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இடத்தில் உட்கார்ந்து பள்ளியை இழந்தவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இருந்தது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடுத்தாலும், பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அப்பாவின் தலைமேல் நிற்கும். அண்ணன் தறியே வேண்டாமென்று ஒரகடத்துக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ கம்பெனிப் பேருந்து ஏறியிருப்பான். தறியை விற்றுவிடலாம் என்று அம்மா சொல்வாள், அப்பா அன்று சாப்பிட மாட்டார். இத்தனைக்கும் நடுவே பக்கத்துத் தெருவில் நூல் வாங்க வரும் பையனை, அல்லது அத்தை வீட்டிலிருந்து வந்திருக்கும் ஒருவனை அவள் பார்ப்பாள். பிறர் கல்யாணத்துக்கு நெய்த பட்டு எதிரே விரிந்திருக்கும்போது தன் கல்யாணத்தைப் பற்றி ஒரு பெண் என்ன நினைப்பாள் என்பதை அந்த வீட்டிலிருந்து வருகிற ஒருத்திதான் சரியாக எழுத முடியும். அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பிலோ பதினோராம் வகுப்பிலோ இருக்கக்கூடும்.

அவள் எழுதும்வரை பெரியவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பள்ளி நூலகத்துக்கு நூல் தேர்வு செய்யும் ஆசிரியர்களே, ‘மரப்பாச்சி சொன்ன ரகசிய’த்தை நடுநிலைப் பள்ளியிலும், ‘பஞ்சும் பசியும்’, ‘பூக்குழி’ இரண்டையும் மேல்நிலை வகுப்பிலும் வையுங்கள், படித்த பின் பேசவும் நேரம் கொடுங்கள். மாவட்டப் புத்தகத் திருவிழாவில் சிறுவர் பகுதிக்கும் பெரியவர் பகுதிக்கும் இடையே பதின்பருவத்தாருக்கு ஒரு மேசை போடுங்கள். பதிப்பாளர்களே, செல்வதுரையின் நாவலைத் தமிழில் பரவலாகக் கொண்டுசேருங்கள். மகளின் தலையணைக்கடியில் ஒரு காதல் கதைப் புத்தகம் கிடைத்தால், அம்மாக்களே, அதைப் பிடுங்கி எறியாதீர்கள். அவள் முடித்ததும் நீங்களும் ஒருமுறை படியுங்கள்.